பாவசங்கீர்த்தனம், பாவ அறிக்கை, பாவமன்னிப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது பற்றி இரண்டு வீட்டிலும் நான் பதில் சொன்ன நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு முழுத் தவக்காலம் தேறும். பிறந்த வீட்டில் "அவங்க பாவத்தையே சொல்றதில்லையாமே" என்பார்கள், புகுந்த வீட்டில் "நீங்க போயும் போயும் ஒரு மனுஷன்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்களே" என்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை, அதனால் மொத்தமாக எழுதிவைத்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புராட்டஸ்டன்ட் என்பது ஒரே சபை இல்லை. லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று பல வகை, இந்த விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. தேவைப்படும் இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனம், ஒப்புரவு, பாவ அறிக்கை, எல்லாம் ஒன்றுதானா?

முதல் இரண்டும் ஒன்று. பாவசங்கீர்த்தனம் பழைய பெயர், வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். ஒப்புரவு அருட்சாதனம் என்பது இன்றைய பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களில் (கடவுளின் அருளைத் தரும் சடங்குகளில்) இது ஒன்று. மனஸ்தாபப்படுவது (செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது), பாவங்களைக் குருவிடம் தனியாகச் சொல்வது, அவர் கொடுக்கும் பரிகாரத்தைச் செய்வது, இவை மூன்றும் நம் பங்கு. பாவப்பொறுத்தல் வார்த்தைகளைச் சொல்வது குருவின் பங்கு.

பாவ அறிக்கை என்பது பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் வழக்கு. வீட்டில் தனியாக ஜெபத்தில் சொல்வதற்கும் அதே பெயர், ஆராதனையில் சபையாகச் சேர்ந்து சொல்வதற்கும் அதே பெயர். அவர்களுக்குச் சாக்கிரமெந்துகள் (அருட்சாதனங்களுக்கு இன்னொரு பெயர்) ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும்தான், இது அந்தக் கணக்கில் வராது. சபையாகச் சொல்லும் அறிக்கை கத்தோலிக்கத் திருப்பலியிலும் (பூசையிலும்) இருக்கிறது, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மார்பில் தட்டிக்கொண்டு சொல்வது அதுதான். ஆனால் கனமான பாவம் இருந்தால் அது மட்டும் போதாது என்பது கத்தோலிக்கப் போதனை.

கடவுள் மட்டும்தான் பாவத்தை மன்னிக்க முடியும். நடுவில் சாமியார் எதற்கு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கடவுள் மட்டும்தான் மன்னிக்க முடியும் என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் அப்படியேதான் சொல்கிறது, இதில் தகராறே இல்லை. அந்த மன்னிப்பைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் வேலையைக் கடவுள் மனிதர்களிடம் ஒப்படைத்தாரா இல்லையா என்பதுதான் தகராறு. கத்தோலிக்கர் சொல்வது: ஞானஸ்நானத்தில் தண்ணீர் ஊற்றுவது மனிதக் கை, கழுவுவது கடவுள், அதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா, இதுவும் அப்படித்தான். குரு "உம் பாவங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லும்போது அந்த "நான்" அவருடைய சொந்த நான் இல்லை, கிறிஸ்துவின் இடத்தில் இருந்து பேசுகிற நான்.

புராட்டஸ்டன்ட் பதில் 1 தீமோத்தேயு 2:5-இல் தொடங்கும்: தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே. விசுவாசிகள் எல்லோருமே ஆசாரியக் கூட்டம் என்று 1 பேதுரு 2:9 சொல்லும்போது தனியாக ஒரு ஆசாரியர் எதற்கு? போதகர் மன்னிப்பை அறிவிக்கலாம், வழங்க முடியாது என்பார்கள். அறிவிப்பதா வழங்குவதா என்ற இந்த ஒரு சொல் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகள் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

சரி, பைபிளில் இது எங்கே இருக்கிறது?

யோவான் 20:23. உயிர்த்தெழுந்த நாள் மாலை இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும், யாருடைய பாவங்களை மன்னியாதிருக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படாதிருக்கும் என்கிறார். மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டுமென்றால் பாவம் என்னவென்று தெரிய வேண்டும், தெரிய வேண்டுமென்றால் யாராவது சொல்ல வேண்டும், ஆகவே பாவசங்கீர்த்தனம். 1551-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வைத்த வாதம் ஏறக்குறைய இதுதான். புராட்டஸ்டன்ட் தரப்பு, அதே மாலை நிகழ்ச்சியை லூக்கா எழுதும்போது "பாவமன்னிப்பு பிரசங்கிக்கப்பட" வேண்டும் என்றுதானே வருகிறது (24:47), ஆகவே இந்த அதிகாரம் நற்செய்தியை அறிவிப்பதில்தான் இருக்கிறது என்கிறது. 1563-இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை என்ற புராட்டஸ்டன்ட் போதனை நூல், இந்த அதிகாரத்தைக் குறிக்கும் பரலோகத்தின் திறவுகோல்கள் என்றால் நற்செய்திப் பிரசங்கமும் சபை ஒழுங்கு நடவடிக்கையும் என்று விளக்கம் கொடுக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், யோவான் வசனம் புராட்டஸ்டன்டுகள் ஒப்புக்கொள்வதைவிடக் கனமானது. அதே சமயம் காதில் ஒவ்வொன்றாகப் பட்டியல் போடச் சொல்லி அதில் எழுதியில்லை என்பதைக் கத்தோலிக்கரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம் 1 யோவான் 1:9: நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர். யாரிடம் அறிக்கையிடுவது என்று அங்கே இல்லை, ஆளாளுக்குத் தனக்கு வேண்டியவரை அந்த இடத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். யாக்கோபு 5:16 "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்கிறது. சாமியாருக்கு எதிராக இதைக் காட்டுகிற யாராவது பக்கத்து இருக்கைக்காரரிடம் போய்ச் சொன்னதை நான் இதுவரை பார்க்கவில்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் (அந்த மரக்கூண்டுக்குள்) என்னதான் நடக்கும்? பயமாக இருக்காதா?

இருக்கும். முதல் தடவை எனக்கு ஒன்பது வயது. மறந்துவிடக்கூடாது என்று பாவங்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். முழங்காலிட்டதும் கண் முன்னால் ஒரு மரச்சல்லடை, அதற்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. கையைப் பார்த்தேன், வியர்வையில் மை கலங்கி "தம்பி" என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தம்பியை அடித்தேன் என்றேன். எத்தனை தடவை என்றார். வாய்க்கு வந்தபடி மூன்று என்றேன். வெளியே வந்த பிறகுதான் அந்த மூன்றே பொய் என்று உறைத்தது, அதைச் சொல்ல மறுபடியும் வரிசையில் நிற்பதா என்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

முறை ரொம்ப எளிது. சிலுவை அடையாளம், கடைசியாக வந்து எவ்வளவு நாளாயிற்று என்ற ஒரு வரி, பாவங்கள், குருவின் சிறு ஆலோசனை, பரிகாரம், மனஸ்தாபப்பட்டுச் சொல்லும் செபம், பாவப்பொறுத்தல். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தத் தொட்டியே 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ காலத்தில் பரவியதுதான், அதற்கு முன்பு குரு திறந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். 1973-இல் வந்த புதிய சடங்குமுறைக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து பேசவும் செய்யலாம். எனக்கு இன்றும் சல்லடைதான் வசதி.

புராட்டஸ்டன்ட்காரங்க பாவத்தைச் சொல்லவே மாட்டாங்களா? "ஆண்டவரே மன்னியும்"னு மொத்தமா ஒரு வார்த்தை, அவ்வளவுதானா?

கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆங்கிலிக்கன் வழியில் வந்த ஆராதனை அது. செய்யவேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம், செய்யக்கூடாதவற்றைச் செய்தோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற அந்த அறிக்கை இங்கிலாந்து சபையின் 1552 ஜெபப்புத்தகத்திலிருந்து வருவது. யார் பெயரும் இல்லை, எந்தப் பாவத்தின் பெயரும் இல்லை, இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. பக்கத்தில் மாமனார். "செய்யாமல் விட்டோம்" வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது, மற்றவர்கள் முடித்த பிறகும் அவர் தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பிக்குப் போன் போட்டார். அதற்குப் பிறகு அந்த மொத்த அறிக்கையை நான் இளக்காரமாகப் பேசுவதில்லை. எல்லோரும் மாமனார் மாதிரி இல்லை என்பதும் உண்மைதான், பலருக்கு அது வாய் தானாக ஓடுகிற ஒரு பத்தி.

பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகளில் இப்படி எழுதிவைத்த அறிக்கை இருக்காது. பிரசங்கம் முடிந்ததும் முன்னால் வரச் சொல்லி அழைப்பார்கள், கண்ணீரோடு ஜெபம் நடக்கும், சிலர் சாட்சியாக எல்லோர் முன்னிலையிலும் பழைய வாழ்க்கையைச் சொல்வார்கள். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தைவிட அது எவ்வளவோ பகிரங்கமானது!

லூத்தர் பாவசங்கீர்த்தனத்தை ஒழித்துவிட்டார்தானே?

இல்லை. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் நம்புவதில்லை. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த அவர் எதிர்த்தது கட்டாயத்தையும், ஒரு பாவம் விடாமல் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்ற விதியையும். தனிப்பட்ட பாவ அறிக்கை அவருக்குப் பிடித்த விஷயம், சாகும்வரை அவரே செய்துவந்தார். 1520-இல் சாக்கிரமெந்துகளைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஞானஸ்நானம், திருவிருந்து, பாவ அறிக்கை என்று மூன்றில் தொடங்கி இரண்டில் முடிக்கிறார், அவ்வளவு தடுமாற்றம். 1530-இல் லூத்தரன்கள் வைத்த அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11-ஆவது பிரிவு, தனிப்பட்ட பாவப்பொறுத்தலைச் சபைகளில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது.

ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்திலும், நோயாளியைச் சந்திக்கும் முறைமையில், மனதை அழுத்தும் பாவம் இருந்தால் குருவிடம் சொல்லலாம், தனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தால் அவர் "உன்னை விடுவிக்கிறேன்" என்று சொல்லலாம் என்று இருக்கிறது. மேலே சொன்ன "வழங்குவது" அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. எல்லோரும் போகலாம், யாரும் போயே ஆகவேண்டியதில்லை, சிலர் போவது நல்லது என்று அவர்களுக்குள் ஒரு சொலவடை உண்டு. இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வின் வழி வந்தவர்களும் பாப்டிஸ்டுகளும்தான் இதிலிருந்து வெகுதூரம் போனார்கள்.

இதெல்லாம் 1215-இல் ரோம் கண்டுபிடித்தது என்கிறார்களே?

1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் செய்தது, விவரம் தெரிந்த வயது வந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. ஏற்கெனவே இருந்த பழக்கத்துக்குத்தான் சட்டம் வந்தது.

ஆனால் "அப்போஸ்தலர் காலத்திலிருந்தே இதே தொட்டி, இதே முறை" என்று எங்கள் ஆட்கள் சொல்வதும் சரியில்லை. முதல் நூற்றாண்டுகளில் விபசாரம், கொலை, விசுவாச மறுதலிப்பு போன்றவற்றுக்கு ஆயரிடம் சொல்லி, சபை அறிய நீண்ட நாள் தவம் இருந்து, அதன்பிறகு சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. அதனால் பயந்துபோய் பலர் சாவு நெருங்கும்வரை தள்ளிப்போட்டார்கள். தனியாக, ரகசியமாக, எத்தனை தடவை வேண்டுமானாலும் என்ற முறை அயர்லாந்துத் துறவிகளிடமிருந்து 6-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஐரோப்பாவுக்குப் பரவியது. எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் உபவாசம் என்று விலைப்பட்டியல் போலக் கையேடுகளே வைத்திருந்தார்கள். வடிவம் மாறியிருக்கிறது, சபையின் மூலம் ஒப்புரவாவது என்ற எண்ணம் பழையது. கத்தோலிக்கர் இரண்டாவதைப் பார்க்கிறார்கள், புராட்டஸ்டன்டுகள் முதலாவதைப் பார்க்கிறார்கள்.

எல்லாப் பாவத்தையும் சொல்லியே ஆகணுமா? ஒன்று மறந்துபோனால்?

கத்தோலிக்கத்தில் சாவான பாவம், அற்ப பாவம் என்று இரண்டு. விஷயம் கனமானதாக இருந்து, தெரிந்தே, மனம் ஒப்பிச் செய்தால் சாவான பாவம். அவற்றை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும். (எண்ணிக்கை என்றால் தோராயமாகத்தான், ஒன்பது வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.) அற்ப பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயமில்லை. மறந்துபோனது மன்னிக்கப்பட்டுவிடும், கனமானதாக இருந்தால் அடுத்த முறை நினைவு வந்ததும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு வேண்டுமென்றே ஒரு சாவான பாவத்தை ஒளித்தால்தான் வம்பு, அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது.

புராட்டஸ்டன்டுகள் பொதுவாக இந்தப் பிரிவை ஏற்பதில்லை, எல்லாப் பாவமும் சாவுக்குரியதே, எல்லாம் கிருபையால் மன்னிக்கப்படக்கூடியதே என்பார்கள். "மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று சங்கீதக்காரன் கேட்பதை எடுத்துக்காட்டி, தன் பாவம் முழுவதும் எவனுக்குத் தெரியும், பிறகு எப்படிப் பட்டியல் போடுவான் என்று லூத்தரன்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் பட்டியலே வேண்டாம் என்றால் மனுஷ மனசு "நாங்கள் பாவிகள்" என்ற பொதுப்பெயருக்குள் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது, அதுவும் நான் கண்ணால் பார்த்தது.

சாமியார் வெளியே சொல்லிவிட்டால்?

சொல்லக்கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். திருச்சபைச் சட்டம் 983 இதை மீறமுடியாத முத்திரை என்கிறது. நேரடியாக மீறுகிற குரு அந்தக் கணமே திருச்சபை விலக்கத்துக்கு ஆளாகிறார், அதை நீக்கும் உரிமை ரோமிலுள்ள திருப்பீடத்துக்கு மட்டும்தான். வெளியே சொல்லாவிட்டாலும், கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக ஒரு முடிவும் எடுக்கக்கூடாது என்று அடுத்த சட்டம் சொல்கிறது. 1393-இல் பிராகு நகரில் நதியில் தள்ளிக் கொல்லப்பட்ட குரு நெப்போமுக் ஜான், அரசியின் பாவசங்கீர்த்தனத்தை அரசனிடம் சொல்ல மறுத்ததால்தான் கொல்லப்பட்டார் என்பது மரபு. அரசனுக்கும் பேராயருக்கும் நடந்த பதவிச் சண்டையில் மாட்டிக்கொண்டவர் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது.

ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளிலும் ரகசியம் காக்கும் கடமை எழுத்திலேயே இருக்கிறது. சுயாதீன சபைகளில் அப்படி ஒரே சட்டம் கிடையாது, எல்லாம் போதகரின் மனசாட்சியைப் பொறுத்தது. உங்கள் பெயரைச் சொல்லாமல் "நம்ம சபையில ஒரு சகோதரி" என்று அடுத்த வாரப் பிரசங்கத்தில் உதாரணமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் சொல்வதற்கு முன்பே, இது நம் இருவருக்குள் மட்டும்தானே என்று கேட்டுவிடுவது தப்பே இல்லை.

மன்னித்தாகிவிட்டது, அப்புறம் பரிகாரம் எதற்கு? பாவமன்னிப்புச் சீட்டு விற்றதும் இதில்தானே வருகிறது?

ஒருத்தியைப் பற்றி நான் புரளி கிளப்பினேன் என்று வையுங்கள். மன்னிப்புக் கேட்டேன், அவளும் மனதார மன்னித்துவிட்டாள். புரளி மட்டும் பத்துப் பேர் வாயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, என் நாக்கும் அதே ருசியோடு அப்படியே இருக்கிறது. குற்றம் போனாலும் பாவத்தின் விளைவு மிச்சமிருக்கிறது, அதைச் சரிசெய்யத்தான் பரிகாரம், இங்கே முடியாமல் மிஞ்சியதற்கு, இறந்தபின் ஆத்துமா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்பது கத்தோலிக்க விளக்கம். புராட்டஸ்டன்டுகள், கிறிஸ்து சிலுவையில் முழுதாகச் செலுத்திவிட்ட பிறகு பாக்கி என்று ஒன்று எப்படி வரும், பக்கத்துச் சிலுவையில் இருந்த கள்வனிடம் "இன்றைக்கு" என்னோடு பரதீசில் இருப்பாய் என்றுதானே சொன்னார் என்பார்கள். நஷ்ட ஈடு கொடுப்பது, உறவைச் சரிசெய்வது இதெல்லாம் அவர்களுக்கும் உண்டு, மன்னிப்பின் கனியாக. தண்டனையின் மிச்சமாக இல்லை.

சீட்டு விஷயத்தில் நம் தமிழ்ப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். திருச்சபை வழக்கில் அதன் பெயர் "பலன்". ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்தின் மிச்சத் தண்டனையைக் குறைப்பது, பாவத்தை மன்னிப்பது இல்லை. "பாவமன்னிப்புச் சீட்டு" என்றதும் மன்னிப்பையே காசுக்கு விற்றதுபோல ஆகிவிடுகிறது. ஆனால் ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்டிய தெட்செல் என்ற துறவி போன்றவர்கள் பிரசங்கித்த விதத்தில் சாதாரண மக்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், 1517-இல் லூத்தர் 95 கருத்துகளோடு கிளம்பியதும் அதனால்தான். பணத்தோடு பலனை முடிச்சுப்போடுவதை 1567-இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் ரத்துசெய்தார். ஐம்பது வருஷம் தாமதம், அதற்குள் வீடு இரண்டாகிவிட்டது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிற்றுக்கிழமை நற்கருணை, திங்கள்கிழமை மறுபடி அதே பாவம். இது லைசென்ஸ் மாதிரி இல்லையா?

அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இனிமேல் செய்யமாட்டேன் என்ற தீர்மானம் இல்லாவிட்டால் குரு சொல்லும் பாவப்பொறுத்தல் பலிக்காது என்பது சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பது. மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயம் வேறு, விழத்தான் போகிறேன் என்று திட்டத்தோடு வருவது வேறு.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டால் புகுந்த வீட்டில் கொஞ்சம் சத்தம் குறையும். "ஒருதரம் இரட்சிக்கப்பட்டாச்சு, இனி எப்பவும் இரட்சிப்புதான்" என்பதை லைசென்ஸாக எடுத்துக்கொண்டவர்கள் அங்கேயும் உண்டு. மலிவான கிருபை என்று இதைக் கண்டித்தவரே ஒரு லூத்தரன் போதகர்தான், நாஜிகளால் 1945-இல் தூக்கிலிடப்பட்ட டீட்ரிக் போன்ஹோஃபர். அவர் நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளியில் மாணவர்களைத் தங்களுக்குள் ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யச் சொன்னார், அந்தக் காலத்து லூத்தரன் மாணவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விதான் லூத்தரைத் துறவியாக இருந்தபோது தூங்கவிடாமல் அடித்தது. மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வார், எழுந்து போவார், இன்னொன்று நினைவு வரும், திரும்ப ஓடிவருவார். அவருடைய ஆன்ம குரு ஸ்டௌபிட்ஸ் அவரைப் பாவப்பட்டியலிலிருந்து கிறிஸ்துவின் காயங்களைப் பார்க்கத் திருப்பினார். மன்னிப்பு என் மனஸ்தாபத்தின் அளவில் தொங்கவில்லை, கடவுள் கொடுத்த வாக்கில் நிற்கிறது என்பது பிறகு புராட்டஸ்டன்ட் போதனையின் நடுத்தூண் ஆனது. திரெந்து சங்கமோ, நான் கிருபையில் இருக்கிறேன் என்று எவரும் தவறவே முடியாத விசுவாச உறுதியோடு அறிய முடியாது, நம்பிக்கையோடு இருக்கலாம் என்றது (1547).

நடைமுறையில் பார்த்தால் வேடிக்கை. உறுதி இல்லை என்று சொல்கிற பக்கத்தில் "சமாதானமாகப் போங்கள்" என்று ஒரு குரல் காதில் விழுகிறது, எழுந்து வரும்போது தோள் லேசாகிவிடுகிறது. உறுதி உண்டு என்று சொல்கிற பக்கத்தில், பதினைந்து வருஷத்துக்கு முன்பு செய்த ஒன்றுக்காக இன்னும் ராத்திரி ராத்திரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். லூத்தர் தனி அறிக்கையை விடமறுத்தது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது, வாக்குத்தத்தத்தை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் என்பது அவருக்கு அனுபவம்.

நான் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்க சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

போய்ப் பேசலாம், ஆலோசனை கேட்கலாம், ஆசீர்வாதம் வாங்கலாம். பாவப்பொறுத்தல் சாதாரணமாகக் கிடைக்காது. திருச்சபைச் சட்டம் 844-இன்படி, மரண ஆபத்திலோ வேறு கனமான அவசியத்திலோ, உங்கள் சபைப் போதகரை அணுக முடியாத நிலையில், நீங்களாகவே கேட்டு, இந்த அருட்சாதனத்தைப் பற்றிய கத்தோலிக்க விசுவாசம் உங்களுக்கும் இருந்தால் கொடுக்கலாம். கத்தோலிக்கர் ஒருவர் போதகரிடம் மனம் திறந்து பேசுவதற்கும் தடையில்லை, ஆனால் அதை ஒப்புரவு அருட்சாதனமாகத் திருச்சபை எடுத்துக்கொள்ளாது.

சாகக் கிடக்கிறேன், சாமியார் கிடைக்கவில்லை. போனில் சொன்னால் ஆகுமா?

போனில் ஆகாது, நேரில் இருக்க வேண்டும். அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. தண்டனை பயத்தால் இல்லாமல் கடவுள்மேல் உள்ள அன்பினாலேயே வருந்தினால் அது உத்தம மனஸ்தாபம். முடிந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானத்தோடு அப்படி வருந்தினால் சாவான பாவமும் மன்னிக்கப்படும். 2020 மார்ச் மாதம், கொரோனா வார்டுகளுக்குள் குருக்கள் போக முடியாதபோது, வத்திக்கான் இதை மறுபடி நினைவூட்டியது. சபையாகக் கூடியிருப்பவர்களுக்கு மொத்தமாகப் பாவப்பொறுத்தல் கொடுக்கும் வழியும் இதுபோன்ற ஆபத்துகளுக்கு உண்டு.

இதைப் படித்துவிட்டு என் கணவர், "இதைத்தானே நாங்க எல்லா நாளும் சொல்றோம்" என்றார். கிட்டத்தட்ட, ஆம். அந்தத் தீர்மானம் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது.

ஒருத்தன் கொலை செய்துவிட்டு சாமியாரிடம் சொன்னால் முடிந்ததா? பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன நியாயம்?

இதில் இரண்டு சபையும் ஒரே பக்கம். உண்மையாக மனம் திரும்பினால் கொலைகாரனுக்கும் மன்னிப்பு உண்டு. மனம் திரும்பினால் செய்த கேட்டை முடிந்தவரை சரிசெய்யவும் வேண்டும். திருடியதை வைத்துக்கொண்டே மன்னிப்பு கேட்கிறவனுக்குக் குரு பாவப்பொறுத்தல் கொடுக்க முடியாது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலித்த சகேயு சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்பதும் (மத்தேயு 5:24) இரண்டு பைபிளிலும் இருக்கிறது. குரு சரணடையச் சொல்லி வற்புறுத்தலாம், தானே போய்ச் சொல்ல முடியாது, காரணம் மேலே முத்திரை பற்றிய பதிலில்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். "கடவுளே மன்னிச்சிட்டார், நீ யாரு மன்னிக்காம இருக்க?" என்று அடிபட்டவரைப் பார்த்துக் கேட்பது. தொட்டியிலிருந்து வந்தவரும் கேட்கிறார், முன்னால் போய் அழுதுவிட்டு வந்தவரும் கேட்கிறார். இரண்டு சபையின் போதனையிலும் இதற்கு இடம் கிடையாது. உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட அரசன் தாவீதின் பாவத்தைக் கர்த்தர் நீக்கினார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன அதே மூச்சில் அதன் விளைவுகளையும் சொன்னார், உரியா திரும்பி வரவில்லை.

1999-இல் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்களாமே, இன்னும் என்ன சண்டை?

1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டது, நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கை. நம் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டன. குருத்துவம் என்றால் என்ன, அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் அதில் தீரவில்லை, ஆகவே வழங்குவதா அறிவிப்பதா என்பது அப்படியே கிடக்கிறது.

போய் ரொம்ப வருஷமாச்சு, செபமெல்லாம் மறந்துபோச்சு. எப்படி ஆரம்பிக்கிறது?

இதே வாக்கியத்தில் ஆரம்பிக்கலாம். "ஃபாதர், ரொம்ப வருஷமாச்சு, எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு" என்றால் மீதியை அவர் எடுத்துக்கொடுப்பார். புராட்டஸ்டன்டாக இருந்து, தனியாகச் சொல்லிச் சொல்லி மனசு ஆறவில்லை என்றால், நம்பிக்கையான போதகரையோ மூப்பரையோ தேடிப் போங்கள், ரகசியம் காப்பாரா என்று கேட்டுக்கொண்டு, "என் பலவீனங்கள்" என்று சுற்றி வளைக்காமல் அதன் பெயரையே சொல்லுங்கள்.

நான் நடுவில் பதினோரு வருஷம் போகவில்லை. மறுபடி போனபோது வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர், ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷம் என்று சொன்னதும் சல்லடைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நாற்காலி கிறீச்சிடும் ஓசை, அவர் இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார்.